90 கிலோ பையனுக்கு எதிராளி எங்கே?

மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ பதினேழு வயதில் ஆறடியைத் தொட்டு, எடையும் 90 கிலோவைத் தாண்டிய ஒரு பையன் இருந்தால் அவனை என்ன செய்கிறோம்? பள்ளி குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிறுத்துகிறோம். கல்யாண வீட்டில் பார்க்கிற அத்தை, மாமா எல்லாரும் "உடம்பைக் கொஞ்சம் குறைடா" என்கிறார்கள். உயரத்தைப் பார்த்து யாரோ கிரிக்கெட்டில் வேகப்பந்து போடச் சொல்கிறார்கள். முழங்கால் வலி வந்ததும் அதுவும் நின்றுபோகிறது. அந்த உடம்புக்கென்றே குத்துச்சண்டையில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. பல ஆண்டு மந்தத்துக்குப் பிறகு உலகமே மறுபடி ஆவலோடு பார்க்கத் தொடங்கியிருக்கும் பிரிவு அது. ஹெவிவெயிட்.

முதலில் எடைக் கணக்கு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் எல்லாரும் ஹெவிவெயிட். மேலே வரம்பு கிடையாது. மற்ற பிரிவுகளில் போட்டிக்கு முதல் நாள் வரை பட்டினி கிடந்து, வியர்வை சிந்தி எடையை இறக்குவார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தன்னைவிட 25 கிலோ கூடுதலான ஆளோடு மோத நேரிடலாம். 2024 டிசம்பரில் ரியாத்தில் டைசன் ஃபியூரி ஏறக்குறைய 127 கிலோவோடு ரிங்கில் ஏறினார். எதிரே நின்ற உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 102 கிலோ சொச்சம். பன்னிரண்டு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களும் உசிக் பக்கமே தீர்ப்பு சொன்னார்கள். கால் வேலையும் மூச்சும் இருந்தால் 25 கிலோ பாக்கியை அடைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அமெச்சூர் போட்டிகளில் கணக்கு வேறு. வேர்ல்டு பாக்சிங் அமைப்பின் உலகப் போட்டியில் ஆண்களுக்கு 90 கிலோவுக்கு மேல், பெண்களுக்கு 80 கிலோவுக்கு மேல் என்பதுதான் உச்சப் பிரிவு. மூன்று நிமிடமாக மூன்று ரவுண்டு. அவ்வளவுதான்.

தொழில்முறை ஹெவிவெயிட் பிரிவு ஏன் மங்கியது? 1999-ல் லெனாக்ஸ் லூயிஸ் எல்லாப் பட்டங்களையும் ஒரே ஆளாகக் கையில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அப்படி ஒரு சாம்பியன் வர 2024 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் நான்கு அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள். யார் உண்மையான சாம்பியன் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத நிலை. கிளிட்ச்கோ சகோதரர்கள் பல ஆண்டு அசைக்க முடியாமல் ஆண்டார்கள். இருவரும் பெரிய வீரர்கள்தான், ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த சண்டையை எத்தனை முறை பார்ப்பது? உசிக் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்த பிறகுதான் கதைக்கு ஒரு தலைவன் கிடைத்தான். தலைவன் கிடைத்ததும் சவால் விடும் இளசுகளும் கண்ணில் படத் தொடங்கினார்கள்.

டேனியல் டுபுவா 2024 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆந்தனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தபோது 96,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஜூலையில் அதே அரங்கில், அதே ஐந்தாவது ரவுண்டில், உசிக்கிடம் அவரே விழுந்தார். ஆகஸ்ட்டில் ஒரு இருபது வயதுப் பையன் எல்லார் பேச்சையும் தன் பக்கம் திருப்பினான். மோசஸ் இட்டாமா, 2004 டிசம்பரில் ஸ்லோவாக்கியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவன், இடதுகை ஆட்டக்காரன். ரியாத்தில் அனுபவசாலியான டிலியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே, இரண்டு நிமிடம்கூட ஆவதற்குள் முடித்தான். 1986-ல் இருபது வயதில் பட்டம் வென்ற மைக் டைசனின் பெயர் மறுபடி எல்லார் வாயிலும் வந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஃபேபியோ வார்ட்லி. இவருக்கு அமெச்சூர் வரலாறே கிடையாது. ஆட்களை வேலைக்குச் சேர்த்துவிடும் அலுவலகத்தில் இருந்தவர், இருபது வயதுக்கு மேல், அலுவலக ஊழியர்கள் பொழுதுபோக்காக ஆடும் குத்துச்சண்டையில் இறங்கினார். அங்கிருந்து ஏறி ஏறி 2025 அக்டோபரில் ஜோசப் பார்க்கரை பதினோராவது ரவுண்டில் வென்றார். அடுத்த மாதம் உசிக் பட்டம் ஒன்றை விட்டுக்கொடுக்க, அது இவர் கைக்கு வந்தது. அடையாறிலும் தி.நகரிலும் வேலை முடிந்து ஜிம்முக்குப் போய், எடை குறைக்க வேண்டுமென்று கிளவுஸ் மாட்டி பஞ்சிங் பேக்கைக் குத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் அப்படியே உலக சாம்பியன் ஆவார் என்று சொல்ல வரவில்லை. கதவு இருபது வயதோடு மூடிவிடுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவுக்கு வருவோம். கனத்த எடையில் நமக்கு வரலாறு இல்லை என்று நினைப்பது தவறு. ஹரியானாவின் ஹவா சிங் 1966, 1970 ஆசியப் போட்டிகள் இரண்டிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். தேசிய சாம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை தக்கவைத்தார். பஞ்சாபின் கவுர் சிங் 1982 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், டெல்லியில் நடந்த காட்சிப் போட்டியில் முகமது அலியோடு கிளவுஸ் மோதியவர் அவர். உத்தரப் பிரதேசத்தின் சதீஷ் குமார், சூப்பர் ஹெவிவெயிட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். டோக்கியோவில் முகத்தில் தையல்களோடு காலிறுதிக்கு இறங்கி, அந்த ஒலிம்பிக்கின் தங்கத்தையே வென்ற பாக்கொதிர் ஜலோலோவிடம் தோற்றார். 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலகப் போட்டியில் 80 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் வெள்ளி வாங்கிய நூபுர், ஹவா சிங்கின் பேத்தி.

இந்த மூன்று ஆண்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: ராணுவம். மூவரும் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். சதீஷ் ஊரில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகு உயரத்தைப் பார்த்த பயிற்சியாளர்கள்தான் குத்துச்சண்டைக்கு இழுத்தார்கள். ராணுவத்தின் தீனியும் கட்டுப்பாடும் காரணம் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். பல ஊர்களின் வாட்டசாட்டமான ஆட்களை ஒரே இடத்தில் சேர்ப்பது ராணுவம்தான். குத்துச்சண்டையில் ஸ்பாரிங் இல்லாமல் ஒருவரும் தேற முடியாது. ஸ்கிப்பிங், ஷேடோ, பேட் எல்லாம் பாதி. மீதி, தன் எடைக்கு நிகரான ஆள் எதிரே நின்று திருப்பி அடிப்பதில் இருக்கிறது. 48 கிலோ ஆட்டக்காரருக்குச் சொந்தத் தெருவிலேயே ஜோடி கிடைக்கும். 95 கிலோ பையனுக்கு ஒரு பேட்டையையே சலித்தாலும் கிடைக்காது. 60 கிலோக்காரனோடு ஆடவிட்டால் பெரியவன் அடிக்கப் பயப்படுவான், சின்னவன் வாங்கப் பயப்படுவான். இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள்.

சென்னையின் குத்துச்சண்டைப் பெருமை வடசென்னைக்கு உரியது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து ஆடிய ரோசமான ஆட்டம், 2021-ல் பா.இரஞ்சித்தின் படம் வந்த பிறகு தென்சென்னைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஈடு கொடுத்த கித்தேரி முத்துவுக்குப் பெரியார் 'திராவிட வீரன்' என்று பட்டம் தந்ததை இன்றும் அங்கே சொல்வார்கள். வாத்தியார்கள் வீட்டுக் கொல்லையிலும் கடற்கரை மணலிலும் வளர்த்த கலை அது. அந்த மண் தந்த சர்வதேச வீரர்களைப் பாருங்கள். 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று அர்ஜுனா விருது பெற்ற வி.தேவராஜனும், 2019 தெற்காசியப் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கலைவாணியும் லேசான எடைக்காரர்கள். நம் ஊர் அடையாளமே வேகம் என்றாகிவிட்டது.

ஹெவிவெயிட் மேல் இந்த ஊருக்கு ஆசை இல்லாமலும் இல்லை. 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு அவர் ஆடிய காட்சிப் போட்டியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது, முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அன்று கேலரியில் உட்கார்ந்திருந்த பையன்கள் இன்று தாத்தாக்கள். மயிலாப்பூர் பக்கம் அந்த வயதுக்காரர்களிடம் அலி என்று எடுத்துப் பாருங்கள், அரைமணி நேரம் போவதே தெரியாது.

நேரு ஸ்டேடியம் வரைக்கும்கூட இப்போது போகவேண்டாம். மயிலாப்பூரிலிருந்து ராதாகிருஷ்ணன் சாலையைக் கடந்தால் கோபாலபுரம். அங்கே விளையாட்டுத் திடலில் தமிழக அரசு கட்டிய குத்துச்சண்டை அகாடமியை 2025-ல் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். தி.நகரில் இருந்து ஒரு பஸ், அடையாறில் இருந்து ஒரு பஸ். வடசென்னையில் வளர்ந்த கலைக்கு நகரின் நடுவில், குடும்பங்கள் தயங்காமல் வந்துபோகக்கூடிய ஒரு கூரை கிடைத்திருக்கிறது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

பெற்றோரின் பயம் நியாயமானது. தலையில் அடி என்பது விளையாட்டல்ல. கனத்த எடையில் குத்தின் வலுவும் கூடுதல். அதற்குத்தான் விதிகள். கனத்த எடைக்குப் பஞ்சு கூடிய 12 அவுன்ஸ் கிளவுஸ், ஜூனியர்களுக்குத் தலைக்கவசம், ரிங் அருகே மருத்துவர். 15, 16 வயதினர் ஜூனியர் பிரிவில், 17, 18 வயதினர் யூத் பிரிவில், தங்கள் வயதுக்காரர்களோடு மட்டுமே ஆடுவார்கள். முதல் சில மாதம் ஒரு குத்துகூட வாங்காமல் கால் வேலையும் கார்டும் மட்டும் கற்றுத்தருகிறவரே நல்ல வாத்தியார். சேர்ந்த வாரமே ரிங்கில் ஏற்றிவிடுகிற இடமாக இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவுகள் 75 கிலோவோடு நின்றுவிட்டன. லிவர்பூலில் வெள்ளி வாங்கிய நூபுரின் எடைக்கு அங்கே இடமே இருந்திருக்காது. இது அநியாயம், இந்திய சம்மேளனம் உரக்கக் கேட்கவேண்டிய ஒன்று. ஒலிம்பிக்கில் அந்த இடம் வரும்வரை உலகப் போட்டியும் தேசியப் போட்டியும் இருக்கின்றன.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், கோபாலபுரத்தில், 80 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி ஸ்பாரிங் வையுங்கள். ராயபுரம், வியாசர்பாடி வாத்தியார்கள் தங்கள் பெரிய பையன்களை அன்று கூட்டி வரட்டும். கண்ணகி நகர் கபடிக் களத்திலிருந்தும், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்தும், பள்ளிக் கூடைப்பந்து அணிகளிலிருந்தும் உயரமான பிள்ளைகளை அழையுங்கள். முதல் வாரம் ஆறு பேர் வந்தால் போதும். மூன்று ஜோடி ஆகிவிடும்.