கண்ணகியைத் தேடும் கேமரா

குமுளிக்கு மேலே, பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது மங்களதேவி கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களுக்கு அனுமதி. காப்பியத்தில் வாழும் அந்தக் கண்ணகியை இன்றைய கேமராவால் படம்பிடிக்க முடியுமா? முடியும் என்கின்றன மட்டாஞ்சேரியில் பிறந்த புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத்தின் ‘பிளாக் மதர்’ படங்கள். கேரளத்தின் கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகியாகவே காணும் மரபு உண்டு. அங்கே மீன மாதப் பரணி விழாவில் செந்நிற ஆடை உடுத்தி வாளேந்தி அருள் வந்து ஆடும் வெளிச்சப்பாடுகள் எனும் சாமியாடிகளிடம், நீதி கேட்டு எரிந்த அந்தத் தாயின் சினத்தை அவர் தேடினார். கோபமும் காவலும் ஒன்றான கரிய தாய்தான் அவருடைய உருவகம்.

நெகட்டிவைக் கீறுவதும் பிரதிமேல் வண்ணம் தீட்டுவதும் அவருடைய பல படைப்புகளில் உண்டு. உள்ளதை உள்ளபடி காட்டாதது புகைப்படமா என்று சிலர் கேட்கலாம். செய்திப் படத்துக்கு அந்தக் கேள்வி முழுக்கப் பொருந்தும், பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் பணியாற்றிய ஆசாத் அந்த நெறியை அறியாதவர் அல்லர். ஆனால் கலைப்படம் நடந்ததற்குச் சாட்சி சொல்ல வருவதில்லை. நடந்ததாக மக்கள் நம்புவது இன்றும் அவர்களை எப்படி ஆட்டுவிக்கிறது என்பதைச் சொல்ல வருகிறது. அதற்குக் கீறலும் வண்ணமும் மொழியே, பொய்யல்ல. அடுத்த முறை ஒரு கலைப்படத்தின் முன் நிற்கும்போது, ‘இது யார்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இது எதைச் சுமக்கிறது?’ என்றும் கேளுங்கள்.