அயல்நாட்டு நூலகப் பயணமும் இணையக் கருவிகளும்

தமிழ் ஆராய்ச்சிக்கு வேண்டும் மூலங்கள் அனைத்தும் தமிழ்நாட்டின் எல்லைக்குள் அடங்கியவை அல்ல. புதுச்சேரியில் பணியாற்றிய எடுவார்டு ஆரியேல் என்பார் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த தமிழ்ச் சுவடிகள் பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளன. இலண்டன் பிரித்தானிய நூலகத்தில், பிரித்தானியப் பொருட்காட்சிசாலை திரட்டிய பழைய தமிழ் அச்சு நூல்களும், 1982-இல் வந்து சேர்ந்த இந்திய அலுவலகப் பதிவேடுகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்களின் காப்பகம், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் காலந்தொட்டு அனுப்பப்பெற்ற கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஓலைச்சுவடிகளையும் காத்து வருகிறது. இவற்றை நேரிற் காண விழையும் ஆராய்ச்சியாளர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர்.

ஆயினும், நம் ஆராய்ச்சியாளர்க்குக் கிடைக்கும் விடுப்பு சில கிழமைகளே. கிடைக்கும் நல்கையும் சிறிது. ஒருமுறை சென்று வெறுங்கையுடன் மீண்டவர்க்கு மறுமுறை வாய்ப்பது அரிது. பயணத்திற்கு வழிகாட்டும் வலைத்தளங்களும் செயலிகளும் இன்று எண்ணிறந்தன. அவற்றுள் எதனை எந்த அளவிற்கு நம்புவது, எந்த வரிசையிற் பயன்படுத்துவது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலண்டன், பாரிஸ், ஹாலே ஆகிய மூன்று நகரங்களுக்குச் செல்லும் ஒரு பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

1. முதல், வழி, சார்பு

நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பகுத்தார். இப்பாகுபாடு பயணக் கருவிகளுக்கும் நன்கு பொருந்துகின்றது. ஒரு செய்தியை ஆக்குவதற்கும் மாற்றுவதற்கும் உரிமை உடையாரது தளம் முதல். நூலகத்தின் வேலை நாளை அறிவிக்கும் அந்நூலகத் தளமும், நுழைவிசைவு (விசா) விதியை அறிவிக்கும் அரசுத் தளமும், தான் செலுத்தும் வானூர்தியின் நேரத்தை அறிவிக்கும் நிறுவனத் தளமும் இவ்வகையின. பல முதல்களிலிருந்து செய்தி திரட்டி, ஒப்பிடுதற்கேற்ற வகையில் தொகுத்துத் தருவன வழி. கட்டணங்களை ஒப்பிடும் கூகுள் பிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் முதலியனவும், பல நூலகங்களின் அட்டவணைகளை ஒருங்கிணைக்கும் வேர்ல்டுகேட்டும் இவ்வகையின. சென்று வந்தோர் எழுதும் குறிப்புகளும், வினவியதற்கு விடை புனைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் சார்பு.

இப்பகுப்பினால் விளையும் விதி ஒன்றே. தேடுவதற்கு வழியையும் சார்பையும் பயன்படுத்துக. முடிவு செய்வதற்கு முதலையே பயன்படுத்துக. சுவடிப் பதிப்பில் நாம் கைக்கொள்ளும் நெறியும் இதுவேயன்றோ? செயற்கை நுண்ணறிவுச் செயலி, இல்லாத சுவடி எண்ணையும் உள்ளதுபோலத் திருத்தமான நடையில் தந்துவிடக்கூடும். நடையின் தெளிவு செய்தியின் மெய்ம்மைக்குச் சான்று ஆகாது.

2. புறப்படுமுன் தேட வேண்டுவன

பயணத் திட்டத்தின் முதற்படி வானூர்திக் கட்டணத்தைக் காண்பதன்று; காண வேண்டிய நூல் இங்கேயே கிடைக்குமா எனத் தேர்வதாகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் ஆகியவற்றை முதற்கண் நோக்குதல் வேண்டும். பின்னர், 1997-இல் தொடங்கிய பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளம், இணைய ஆவணக்காப்பகம் (இன்டர்நெட் ஆர்க்கைவ்), பிரித்தானிய நூலகத்தின் வழி 2004 முதல் நடைபெற்று வரும் அழிநிலை ஆவணக்காப்புத் திட்டம் ஆகியவற்றில் தேடலாம். இவற்றில் முழுப் படமும் தெளிவாகக் கிடைக்குமாயின் அந்நூலைப் பயணப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மையின் வேறுபாடு, ஓலையின் அளவு, இடைச்செருகிய ஏடு போல, படத்தில் விளங்காதவற்றை ஆராய்வோர்க்கே நேரிற் காண்டல் இன்றியமையாதது.

அயல்நாட்டு அட்டவணைகளில் தேடுவோர் ஒலிபெயர்ப்பு முறைகளை அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்கக் காங்கிரசு நூலக முறையில், சிலப்பதிகாரம் என்பதன் முதலெழுத்து ஆங்கிலத்துச் ‘சி’ என்னும் எழுத்தாலும், இடையில் வரும் தகரம் ‘டி’ என்னும் எழுத்தாலும் குறிக்கப்பெறும். பழைய ஆங்கிலப் பதிப்புகளோ ஒலிப்பை ஒட்டி முதலெழுத்தை ‘எஸ்’ என்றும் தகரத்தை ‘டி’க்கு மாறாக ‘டீ’ என்றும் எழுதும். பிரெஞ்சுக்காரர் உகரத்தை ‘ஓ’, ‘யூ’ என்னும் ஈரெழுத்தால் எழுதுவர். ஆகவே ஒரு நூற்பெயரைக் குறைந்தது மூன்று வகையாக எழுதித் தேடுதல் நலம். இன்னொன்றும் கருதத்தக்கது. 18-ஆம் நூற்றாண்டுச் சமயத் தொண்டர்கள் தமிழை ‘மலபார் மொழி’ என்றே வழங்கினர். சீகன்பால்கு 1708-இல் எழுதிய தமிழ்நூல் அட்டவணையின் பெயரும் ‘பிப்லியோதிக்கா மலபாரிக்கா’ என்பதே. ஹாலேக் காப்பகத்தில் ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுவோர் பலவற்றை இழப்பர்.

இணைய அட்டவணை ஒன்றனையே நம்புதலும் கூடாது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் பெருந்தாக்குதலுக்கு உள்ளாயின. தேடத்தக்க அட்டவணை 2024 சனவரியிலேதான் மீண்டது. சுவடிகளின் மின்படங்கள் அதற்குப் பின்னும் நெடுநாள் கிடைக்கவில்லை. அக்காலத்தில் அச்சு அட்டவணைகளே துணை நின்றன. பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரித்தானியப் பொருட்காட்சிசாலைத் தமிழ் நூல் அட்டவணை (1909), பார்னெட்டு 1931-இல் வெளியிட்ட அதன் பின்னிணைப்பு, பாரிஸ் நூலகத்து இந்தியச் சுவடிகளுக்குக் கபத்தோன் ஆக்கிய அட்டவணை (1912) ஆகியவற்றில் வேண்டும் பக்கங்களைப் படியெடுத்துக் கையில் வைத்திருத்தல் இன்றும் அறிவுடைமையாகும்.

3. நூலகத்தின் நாளும் விதியும்

காண வேண்டிய நூல்களின் எண்கள் கிடைத்தபின் நூலகத்தின் முதல் தளத்திற் செல்ல வேண்டும். நூல் அந்நகரிலேயே உள்ளதா, எத்தனை நாள் முன்னர்க் கேட்டல் வேண்டும், செப்பனிடுவதற்காக விலக்கி வைக்கப்பெற்றுள்ளதா என்னும் மூன்றனையும் மின்னஞ்சல் வழியாகக் கேட்டு விடை பெறுதல் நன்று. பிரித்தானிய நூலகத்து நூல்களுள் பெரும்பகுதி இலண்டனில் இல்லை. வட இங்கிலாந்தில் பாஸ்டன் ஸ்பா என்னும் ஊரில் உள்ளது. அங்கிருந்து வருவிப்பதற்கு நாள் பிடிக்கும். பிரான்சு தேசிய நூலகத்திலும் அச்சு நூல்கள் மித்தரான் கட்டடத்திலும், சுவடிகள் 2022-இல் புதுப்பித்துத் திறக்கப்பெற்ற ரிஷெலியே கட்டடத்திலும் உள்ளன. இரண்டும் நகரின் வெவ்வேறு பகுதிகள். வாசகர் அட்டை பெறுவதற்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும், ஆய்வின் பொருளைக் குறிக்கும் துறைத்தலைவர் கடிதமும் உடன் கொண்டு செல்லுதல் தக்கது.

நம் பல்கலைக்கழகங்களின் கோடை விடுமுறை மே திங்களில் வருவதால் பலரும் அத்திங்களையே தேர்கின்றனர். ஆனால் ஐரோப்பாவில் அது பொது விடுமுறை மிகுந்த திங்களாகும். பிரான்சில் மே 1, மே 8 ஆகிய நாள்களும், கிறித்துவின் விண்ணேற்ற வியாழனும் விடுமுறை. ஜெர்மனியில் மே 1, விண்ணேற்ற வியாழன், பெந்தகோஸ்தே திங்கள் ஆகியன விடுமுறை. இங்கிலாந்தில் அத்திங்களின் முதல் திங்கட்கிழமையும் இறுதித் திங்கட்கிழமையும் விடுமுறை. விண்ணேற்ற நாளும் பெந்தகோஸ்தேயும் ஈஸ்டர் ஞாயிற்றிலிருந்து எண்ணப்படுவதால் ஆண்டுதோறும் மாறும். ‘டைம் அண்டு டேட்’ தளத்தில் நாடுவாரியாக விடுமுறைகளைக் காணலாம். அது வழி ஆதலின், நூலகத் தளத்து நாட்காட்டியோடு ஒப்பிட்டே நாளை உறுதி செய்தல் வேண்டும்.

4. நுழைவிசைவும் பயண வரிசையும்

நூலக நாள்கள் உறுதியான பின்னரே நுழைவிசைவைப் பற்றி எண்ணுதல் வேண்டும். பிரான்சும் ஜெர்மனியும் ஷெங்கன் உடன்படிக்கையைச் சேர்ந்த 29 நாடுகளுள் அடங்கும்; ஆதலின் இரண்டிற்கும் ஓரிசைவே போதும். இங்கிலாந்து அதிற் சேராதது. தனி இசைவு வேண்டும். ஷெங்கன் இசைவை, மிகுதியான நாள் தங்கும் நாட்டினிடம் கேட்டல் வேண்டும். தங்கும் நாள் சமமாயின் முதலிற் புகும் நாட்டினிடம் கேட்டல் வேண்டும். பயண நாளுக்கு 6 திங்கள் முன்னர் முதல் 15 நாள் முன்னர் வரை விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 திங்கள் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவிற்குக் குறைதல் ஆகாது.

பயண வரிசையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பாரிஸ், இலண்டன், ஹாலே என்னும் வரிசையில் ஒருவர் திட்டமிடுவதாகக் கொள்வோம். பாரிசிலிருந்து இலண்டன் செல்லும்போது அவர் ஷெங்கன் எல்லையை விட்டு நீங்குகிறார். அவரது இசைவு ஒருமுறை மட்டும் புகுவதற்கு உரியதாயின், ஹாலே செல்லும் உரிமை அத்துடன் முடிந்தது. பயணச்சீட்டும் தங்குமிடமும் முன்பணமும் வீணாகும். இலண்டன், பாரிஸ், ஹாலே என வரிசையை மாற்றினால் இவ்விடர் முற்றும் நீங்கும். மாற்ற இயலாதாயின் பன்முறை புகும் இசைவைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கட்டணத்தை மட்டும் ஒப்பிடும் எச்செயலியும் இதனை எச்சரிக்கும் என எதிர்பார்த்தல் இயலாது.

ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்குதல் கூடாது. புகும் நாளும் நீங்கும் நாளும் கணக்கிற் சேரும். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கெனக் கணக்கிடும் கருவி உண்டு. 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்கு மாற்றாகக் கைரேகையையும் முகப்படத்தையும் எல்லையிற் பதியும் முறை படிப்படியாகப் புகுத்தப்பெற்றது. ஆகவே ஒரு நாள் மிகினும் கணினி காட்டிவிடும். விண்ணப்பங்களைத் திரட்டும் வி.எப்.எஸ். போன்ற நிறுவனங்கள் இசைவு வழங்கும் உரிமை உடையன அல்ல. முடிவு செய்வது தூதரகமே. தூதரகத் தளத்திலிருந்து தொடங்கி அந்நிறுவனத் தளத்தை அடைவதே, போலித் தளங்களிலிருந்து தப்பும் எளிய வழி.

5. வானூர்தியும் புகைவண்டியும்

புகும் நகரும் மீளும் நகரும் வேறாக அமையும் பயணத்திற்கு, ஒப்பீட்டுத் தளங்களில் ‘பல நகரம்’ என்னும் பிரிவைத் தேர்தல் வேண்டும். சென்னையிலிருந்து இலண்டன் சென்று, ஜெர்மனியின் பிராங்பர்ட்டிலிருந்து மீள்வது இத்தகையது. தனித்தனியாக வாங்கிய இரு சீட்டுகளுள் முதல் வானூர்தி தாழ்த்தால், இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே சீட்டாக வாங்குதல் சற்று விலை மிகினும் பாதுகாப்பானது. கட்டணத்தை வழித் தளத்திற் கண்டு, வானூர்தி நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால், நேரம் மாறும்போது முறையிடுதல் எளிது.

இலண்டனிலிருந்து பாரிசிற்கு யூரோஸ்டார் புகைவண்டி ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்திற் செல்கிறது. அது புறப்படும் செயிண்ட் பாங்கிராஸ் நிலையம் பிரித்தானிய நூலகத்தின் அண்மையிலேயே உள்ளது. ஐரோப்பியப் புகைவண்டிகளின் இயல்பை அறிய, மார்க் சுமித்து 2001-இல் தொடங்கிய ‘இருக்கை 61’ தளம் மிகச் சிறந்தது. வழிநூல்களுள் முதல் போல மதிக்கத்தக்கது அது. நேரத்தையும் நடைமேடையையும் அறிய, ஜெர்மானியப் புகைவண்டி நிறுவனத்தின் ‘டி.பி. நாவிகேட்டர்’ செயலி உதவும்.

6. நிலப்படம், மொழி, பணம்

கூகுள் நிலப்படத்தையும், 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்டிரீட் மேப்பினை அடிப்படையாகக் கொண்ட ‘ஆர்கானிக் மேப்ஸ்’ செயலியையும் இணையம் இன்றிப் பயன்படுத்துமாறு முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளலாம். தங்குமிடத்தை நகரின் நடுவிலிருந்து அளவாது நூலக வாயிலிலிருந்து அளந்து தேர்க. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 முதல் தமிழும் உண்டு. அறிவிப்புப் பலகையைப் படிக்க அது போதும், அட்டவணைக் குறிப்பை மேற்கோள் காட்ட அது போதாது. பணம் செலுத்தும் பொறியில் ரூபாயா யூரோவா எனக் கேட்கப்படின், யூரோவைத் தேர்தலே பெரும்பாலும் சிக்கனம். நம் நாட்டு யு.பி.ஐ. முறை 2024 பிப்ரவரியில் ஈபெல் கோபுரத்தில் ஏற்கப்பட்டது. எனினும் அதனையே நம்பிச் செல்லுதல் கூடாது. அயல்நாட்டில் இடர் நேரின், இந்திய வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ தளத்தில் முறையிடலாம்.

7. குறிப்பெடுக்கும் கருவிகள்

நூலகத்தில் எடுக்கும் படங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும். எப்படம் எச்சுவடியின் எவ்வேடு என்பது ஊர் திரும்பியபின் விளங்காதாயின் பயணம் முழுவதும் பயனற்றதாகும். நூற்குறிப்புகளைத் தொகுக்க ஸோட்டரோவும் (2006), காப்பகப் படங்களை வகைப்படுத்த டிராப்பியும் (2017) கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வொரு சுவடிக்கும் முதற்படமாக அதன் எண் எழுதிய தாளைப் படமெடுத்தலும், அன்றன்று இரவே இரண்டிடங்களிற் படியெடுத்து வைத்தலும் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள். படமெடுக்க இசைவு உண்டா, வெளியிடத் தனி இசைவு வேண்டுமா என்பவற்றை நூலகத்திலேயே கேட்டு எழுத்திற் பெறுதல் வேண்டும்.

8. தொகுப்புரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். நூல் நாளை வரையறுக்கிறது. நாள் நுழைவிசைவை வரையறுக்கிறது. நுழைவிசைவு பயண வரிசையை வரையறுக்கிறது. அதன் பின்னரே கட்டணமும் தங்குமிடமும் வருகின்றன. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, மலிவான சீட்டிலிருந்து தொடங்குவோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர். விதிகளும் கட்டணங்களும் மாறும். செயலிகள் தோன்றி மறையும். ஒவ்வொரு செய்தியையும் முதலா, வழியா, சார்பா என வினவும் பழக்கம் மட்டும் நிலைத்து நிற்கும். அப்பழக்கம் தமிழ் பயின்றார்க்குப் புதியதன்று. சுவடியின்மேற் செலுத்தும் அதே கருத்தைப் பயணத்தின்மேலும் செலுத்தினாற் போதும்.