தேவாலயப் பாடகர் குழுத் தேர்வுகளும் விருதுகளும்

தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவோருக்குப் படிப்படியாகப் பயிற்சி அளித்து, அவர்களைத் தேர்வு செய்து, பதக்கமும் சான்றிதழும் வழங்கும் முறை இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபையில் வளர்ந்து, பிற நாடுகளுக்கும் பரவியது. இதை நடத்தும் அமைப்புகளில் முதன்மையானது ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக் (சுருக்கமாக ஆர்.எஸ்.சி.எம்.). குரலின் இனிமையை மட்டும் இத்தேர்வு அளப்பதில்லை. பலரோடு சேர்ந்து பாடுவதற்கும் வழிபாட்டுக்குத் துணைநிற்பதற்கும் ஒருவர் எந்த அளவுக்குத் தகுதி பெற்றிருக்கிறார் என்று பார்க்கிறது. பொதுவான இசைத் தேர்வுகளிலிருந்து இது வேறுபடும் இடம் அதுவே.

பின்னணி

இங்கிலாந்தின் பேராலயங்களில் பாடகர் குழு பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. அவற்றில் பாடும் சிறுவர்கள் பலர் பேராலயத்தைச் சார்ந்த பள்ளிகளிலேயே படிப்பார்கள். வாரத்தில் பல நாள் பயிற்சி, பல நாள் மாலை ஆராதனை என்று இசை அவர்களுடைய அன்றாட வாழ்க்கையாகவே இருக்கும்.

ஊர்த் தேவாலயங்களின் நிலை வேறு. அங்கே பாடுபவர்கள் ஊதியம் இல்லாத தன்னார்வலர்கள். பள்ளிப் பிள்ளைகளும், வேலைக்குப் போகிறவர்களும், ஓய்வு பெற்றவர்களும் வாரத்தில் ஒரு மாலை கூடிப் பயிற்சி செய்து, ஞாயிற்றுக்கிழமை பாடுவார்கள். சுரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே இருப்பார்கள். மற்றவர்கள் பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுப் பின்தொடர்வார்கள். நன்றாகப் பாடுகிற ஒருவர் வராத நாளில் அந்தக் குரல் பகுதியே தடுமாறிப் போகும். இந்த நிலையை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் பயிற்சித் திட்டங்களும் தேர்வுகளும் பிறந்தன.

தோற்றமும் வளர்ச்சியும்

சிட்னி நிக்கல்சன் (1875–1947) லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆர்கன் இசைக் கலைஞராக இருந்தவர். நாட்டிலேயே பெரும் மதிப்புக்குரிய அந்தப் பதவியை விட்டு விலகி, ஊர்த் தேவாலயங்களின் இசையை உயர்த்தும் பணியில் இறங்கினார். 1927இல் புனித நிக்கோலாஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று ஸ்கூல் ஆஃப் இங்கிலீஷ் சர்ச் மியூசிக் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1929இல் சிசில்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் அதன் கல்லூரி திறக்கப்பட்டது. 1945இல் அரச அங்கீகாரத்துடன் இப்போதைய பெயரைப் பெற்றது.

சிறுவர் பாடகர்களுக்கான பயிற்சியை ஒழுங்கான படிநிலைகளாக அமைத்தவர் மார்ட்டின் ஹவ் (1931–2022). ஆர்.எஸ்.சி.எம்.மில் பணியாற்றிய அவர் 1965இல் உருவாக்கிய பாடகர் பயிற்சித் திட்டம் பல நாடுகளில் பல வடிவங்களில் பயன்பட்டது. அதன் வழித்தோன்றலாக வந்ததே 'வாய்ஸ் ஃபார் லைஃப்' என்னும் திட்டம். 'வாழ்நாள் முழுவதற்குமான குரல்' என்பது இப்பெயரின் பொருள். சிறுவர்களுக்கு மட்டுமல்லாமல் பெரியவர்களுக்கும் ஏற்றதாக இது அமைக்கப்பட்டது.

பயிற்சி நிலைகள்

வாய்ஸ் ஃபார் லைஃப் திட்டத்தில் ஐந்து நிலைகள் நிறங்களால் குறிக்கப்பட்டன. அவை வெள்ளை, வெளிர் நீலம், கரு நீலம், சிவப்பு, மஞ்சள். ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி நூலும் இலக்குகளும் உண்டு. மாணவர் ஓர் இலக்கை எட்டிவிட்டார் என்று முடிவு செய்பவர் அந்தக் குழுவின் பயிற்றுநரே. நிலையை முடித்தவர் அதற்குரிய நிற நாடாவில் கோத்த பதக்கத்தை அணிவார். ஆராதனையின்போது பாடகர் அங்கியின் மேல் இந்த நாடா தெரியும்.

ஐந்து நிலைகளிலும் கற்பிக்கப்படுபவை பின்வரும் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

1. குரலைச் சரியாகப் பயன்படுத்துதல்: நிற்கும் முறை, மூச்சு, உச்சரிப்பு, குரலுக்குத் தீங்கு வராமல் பாடுதல்.

2. இசைத் திறனும் அறிவும்: சுரக்குறிப்பைப் படித்தல், தாளம், சுர இடைவெளிகளைக் காதால் அறிதல், முன்பின் பாராத பாடலைப் பார்த்த உடனே பாடுதல்.

3. பாடல் தொகுதி: குழு பாடும் பாடல்களை இயற்றியவர், காலம், சொற்களின் பொருள் ஆகியவற்றை அறிந்திருத்தல்.

4. குழுவின் உறுப்பினராக இருத்தல்: நேரம் தவறாமை, கவனம், இளையவர்களுக்கு உதவுதல், பொறுப்பு ஏற்றல்.

5. குழுவின் சூழல்: வழிபாட்டில் பாடகர் குழுவின் இடம், திருச்சபை ஆண்டின் காலங்கள், குழு எதற்காகப் பாடுகிறது என்ற தெளிவு.

இவற்றில் முதல் இரண்டும் எந்தப் பாட்டு வகுப்பிலும் இருப்பவை. நான்காவதும் ஐந்தாவதும் இத்திட்டத்துக்கே உரியவை. நல்ல குரல் இருந்தும் பயிற்சிக்கு வராதவர் நான்காவது பகுதியில் பின்தங்குவார். நடுத்தரமான குரல் உள்ள ஒருவர் உழைப்பாலும் பொறுப்பாலும் முன்னேறிவிட முடியும்.

வெண்கலம், வெள்ளி, தங்கம்

பயிற்சி நிலைகளைக் குழுவின் பயிற்றுநர் மதிப்பிடுகிறார். அவற்றுக்கு மேலாக வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் மூன்று விருதுகள் உள்ளன. இவற்றுக்கு முறையான தேர்வு உண்டு. வெள்ளி விருதுக்கு முன்பு பேராயர் விருது என்று பெயர். தங்க விருது புனித நிக்கோலாஸ், புனித செசிலியா ஆகியோரின் பெயர்களில் வழங்கப்பட்டது. நிக்கோலாஸ் குழந்தைகளின் பாதுகாவலர். செசிலியா இசைக் கலைஞர்களின் பாதுகாவலர். அவருடைய திருநாள் நவம்பர் 22.

தேர்வில் பாடிக்காட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. பாடிய பாடலைப் பற்றி ஆய்வாளர் கேள்வி கேட்பார். இந்தச் சொல்லின் பொருள் என்ன, திருச்சபை ஆண்டின் எந்தக் காலத்தில் இதைப் பாடுவார்கள், இந்த இடத்தில் ஏன் மெதுவாகப் பாடினீர்கள் என்பது போன்ற கேள்விகளுக்கு மாணவர் தம் சொந்த வார்த்தைகளில் விடை சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவரையும் புரிந்து பாடுபவரையும் இப்படிப்பட்ட உரையாடல் விரைவில் பிரித்துக் காட்டிவிடும்.

சேர்ந்து பாடுவதில் உள்ள நுட்பம்

தனியாகப் பாடும் திறனும் சேர்ந்து பாடும் திறனும் ஒன்றல்ல என்பதை ஆங்கிலிக்கன் வழிபாட்டில் சங்கீதம் பாடும் முறையைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். இங்கே சங்கீதம் என்பது விவிலியத்தில் உள்ள 150 சங்கீதங்களைக் குறிக்கும். கத்தோலிக்கர் இவற்றைத் திருப்பாடல்கள் என்பர்.

சங்கீத வசனங்கள் ஒரே நீளமானவை அல்ல. ஒரு வசனத்தில் ஐந்தாறு சொற்கள் இருக்கும். அடுத்ததில் இருபது இருக்கும். எல்லா வசனங்களையும் ஒரே மெட்டில் பாட 'சாண்ட்' என்ற சிறிய இசை வடிவம் உதவுகிறது. ஒற்றைச் சாண்டில் பத்தே சுரங்கள் உண்டு. வசனத்தின் முதல் பாதிக்கு நான்கு, இரண்டாம் பாதிக்கு ஆறு. ஒவ்வொரு பாதியின் முதல் சுரத்தையும் தேவையான அளவுக்கு நீட்டலாம். சொற்கள் எத்தனை இருந்தாலும் அந்த ஒரே சுரத்தில் பேசுவது போல் பாடிச் சென்று, கடைசிச் சில அசைகளில் மற்றச் சுரங்களுக்கு மாறுவார்கள்.

இதில் தட்டி எண்ணக்கூடிய சீரான தாளம் இல்லை. பேச்சின் ஓட்டமே தாளம். இருபது பேரும் ஒரே வேகத்தில் சொற்களைச் சொல்லி, ஒரே அசையில் சுரம் மாற வேண்டும். ஒருவர் சற்று முந்தினாலும் சொல் குழம்பிவிடும். ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் வரும் 'ஸ்' ஒலியை ஆளுக்கொரு நொடியில் உச்சரித்தால் ஆலயம் முழுவதும் சீறல் கேட்கும். நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இசை அறுந்துவிடும். ஆகவே பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்காத இடம் பார்த்து, மாறி மாறி மூச்சு வாங்கப் பழகுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, தன் குரலைவிட மற்றவர் குரலைக் கூடுதலாகக் கவனிக்கும் பழக்கம்.

பொது இசைத் தேர்வுகளுடன் ஒப்பீடு

ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேர்வு வாரியம் 1889இல் தொடங்கப்பட்டது. அதன் பாட்டுத் தேர்வுகளும் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளும் எட்டு முக்கிய நிலைகளைக் கொண்டவை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். செய்முறைத் தேர்வில் மொத்த மதிப்பெண் 150. தேர்ச்சிக்கு 100, மெரிட் தகுதிக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130 வேண்டும். டிரினிட்டியில் மொத்தம் 100. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87.

இந்தத் தேர்வுகளில் மாணவர் தனித்து நின்று பாடுகிறார். குரல் வளம், பாவம், நுணுக்கம் ஆகியவை மதிப்பிடப்படுகின்றன. உலகெங்கும் மதிக்கப்படுவதால் மேற்படிப்புக்கும் இச்சான்றிதழ்கள் உதவும். பாடகர் குழு விருது இவற்றுக்கு மாற்று அல்ல. எட்டாம் நிலையில் உயர் தகுதி பெற்ற தனிப்பாடகர்கூட, குழுவில் தன் குரலை அடக்கிக் கலக்கத் தெரியாவிட்டால் குழுவுக்குச் சுமையாவார். இரண்டையும் எழுதும் மாணவர்களும் இருக்கிறார்கள். சுரம் படிக்கும் திறன் இரண்டுக்கும் பொதுவானது.

குரல் உடையும் பருவமும் சிறுமியரும்

சிறுவர்களின் மேல்தாயிக் குரல் நிலையானது அல்ல. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் குரல் உடைந்து தாழ்ந்துவிடும். பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்று பாடிய பிள்ளைக்குச் சில மாதங்களில் அந்த இடம் இல்லாமல் போகும். பலர் அப்போதே குழுவை விட்டுப் போய்விடுவார்கள். இந்த வயதில்தான் விருது முறையின் பயன் அதிகம். சுரம் படித்தல், பாடல் அறிவு, பொறுப்புணர்வு ஆகியவை குரல் உடைந்தாலும் அழிவதில்லை. அவற்றைக் கற்றுக்கொண்டவர் ஓய்வுக்குப்பின் டெனராகவோ பாஸாகவோ திரும்ப வரலாம். திட்டத்தின் பெயரில் 'வாழ்நாள்' இடம்பெற்றிருப்பதன் பொருளும் இதுவே.

நெடுங்காலம் ஆங்கிலப் பேராலயங்களின் மேல்குரல்களைச் சிறுவர்களே பாடினர். 1991இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியருக்குத் தனிப் பாடகர் குழுவைத் தொடங்கியது. அதைப் பார்த்துப் பல பேராலயங்கள் அவ்வாறே செய்தன. குரல் எந்தப் பாலினத்துக்குரியது என்று பாராமல் திறனையும் பொறுப்பையும் மதிப்பிடும் தேர்வு முறை இந்த மாற்றத்துக்கும் பொருந்தி வந்தது.

வழிபாட்டில் பதக்கம் தகுமா?

கடவுளைப் புகழ்வதற்கு மதிப்பெண் போடலாமா என்ற கேள்வி இம்முறையைப் பற்றி எழுவது இயல்பு. பதக்கம் அணிந்தவர், அணியாதவர் என்ற பிரிவு பிள்ளைகளிடையே பொறாமையை வளர்க்கும், ஆராதனை அரங்கேற்றமாகிவிடும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கது அல்ல. பதக்கத்தையே குறிக்கோளாக வைத்துப் பயிற்சி கொடுக்கும் குழுவில் அது நடக்கவும் கூடும்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். முதலாவது, இது போட்டி அல்ல. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஒரு குழுவில் பத்துப் பேர் தகுதி பெற்றால் பத்துப் பேருக்கும் விருது உண்டு. ஒருவர் வென்றதால் இன்னொருவர் தோற்பதில்லை. இரண்டாவது, ஊதியமும் கைதட்டலும் இல்லாத பணி இது. ஆராதனை முடிந்ததும் மக்கள் கலைந்து சென்றுவிடுவார்கள். வாராவாரம் வந்து உழைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தான் வளர்ந்திருக்கிறோம் என்பதைக் காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அந்த அடையாளத்தைத் தரும்போது பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பது பயிற்றுநரின் கடமை. உயர்நிலைப் பதக்கம் பெற்றவரை ஒரு புதியவரின் அருகில் நிறுத்தி வழிகாட்டச் செய்தால், பதக்கம் பெருமைக்குப் பதிலாகப் பணியைக் குறிக்கும்.

தமிழ்ச் சபைகளும் சுரம் படித்தலும்

சுரம் படிக்கும் கல்விக்கும் சான்றிதழுக்கும் உள்ள உறவு ஆர்.எஸ்.சி.எம்.முக்கு முந்தியது. இங்கிலாந்தின் நாரிச் நகரைச் சேர்ந்த சாரா குளோவர் உருவாக்கிய எளிய சுரமுறையை ஜான் கர்வன் (1816–1880) என்ற போதகர் டானிக் சோல்ஃபா என்னும் பெயரில் செம்மைப்படுத்திப் பரப்பினார். படிநிலைச் சான்றிதழ்களையும் ஏற்படுத்தினார். ஐந்து கோட்டுக் குறிப்புக்குப் பதிலாக டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளால் இசையை எழுதும் முறை இது. 'ச' எந்தச் சுருதியில் நின்றாலும் 'ப' அதற்குரிய தூரத்தில் நிற்கும் நம் சுரமுறையைப் போலவே, இதிலும் டோ இடம் மாறினால் மற்றவையும் உடன் மாறும்.

மிஷனரிகள் இதை உலகெங்கும் கொண்டு சென்றனர். தமிழ்ச் சபைகளிலும் சோல்ஃபா குறிப்பைப் பார்த்து சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்னும் நான்கு குரல்களில் பாமாலைகளைப் பாடும் குழுக்கள் உண்டு. பியானோ இல்லாத வீட்டிலும் ஒரு பிள்ளை தன் பகுதியைத் தானே பாடிப் பழக இம்முறை வழிசெய்கிறது.

ஒரு பாடகர் குழு விருதுத் தேர்வை நடத்த முடியாவிட்டாலும் அதன் ஐந்து பகுதிகளைப் பயிற்சிக்கு வழிகாட்டியாகக் கொள்ளலாம். கூடும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் சுரம் படித்தல், பாடும் முன் பாடலின் பொருளைப் பேசுதல், மூத்தவர் ஒருவரிடம் புதியவர் ஒருவரை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாதவை. நன்றாகப் பாடும் ஒருவர் வராத நாளில் குழு தடுமாறாமல் பாடினால், பயிற்சி பலன் தந்திருக்கிறது என்று கொள்ளலாம்.