சாங்கிப் பீரங்கித்தளத்தின் எச்சங்களும் ஒளிப்பட ஆவணமும்

சிங்கப்பூரின் கிழக்கே சாங்கியில் அமைந்த ஜோகூர் பீரங்கித்தளத்தைக் காணச் செல்வோர் முதலில் படமெடுப்பது, வானை நோக்கி நீண்டு நிற்கும் பெரும் பீரங்கியையே. அப்பீரங்கி போர்க்காலத்தது அன்று. 2002ஆம் ஆண்டு அத்தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது நிறுவப்பட்ட மாதிரியே அது. உண்மையான எச்சம் தரைக்குக் கீழே உள்ளது: வெடிபொருள் சேமித்த நிலவறைகளும் அவற்றை இணைக்கும் சுரங்க வழிகளும். அவை மூடப்பட்டுள்ளன. படத்தில் எளிதில் விழுவது போலி, விழாதது மெய் என்னும் இந்நிலை, கைவிடப்பட்ட போர்த்தளங்களை ஆவணப்படுத்துவோர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாகும்.

ஜோகூர் சுல்தான் இப்ராகிம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி 1935இல் 5,00,000 பவுன் நன்கொடை அளித்தார். தளத்தின் பெயர் அதனால் அமைந்தது. இங்கு 15 அங்குல வாய் விட்டமுள்ள மூன்று பீரங்கிகள் இருந்தன. இவற்றின் குண்டு ஒன்று ஏறத்தாழ 880 கிலோகிராம் எடையுள்ளது. 30 கிலோமீட்டருக்கும் அப்பால் பாயவல்லது. 1942 பிப்ரவரியில், சரணடைவுக்கு முன்னர், பிரித்தானியரே இவற்றைத் தகர்த்தனர். அதன்பின் சுரங்கங்கள் மறக்கப்பட்டன. 1991இல் சிறைத்துறையினர் அவற்றை மீண்டும் கண்டறிந்தனர்.

சிங்கப்பூர்ப் பீரங்கிகள் கடலையே நோக்கியிருந்தன, ஆதலால் நிலவழி வந்த சப்பானியரை எதிர்க்க இயலவில்லை என்னும் கூற்று இன்றும் வழங்குகிறது. சாங்கிப் பீரங்கிகளில் இரண்டு வடக்கே திரும்பக் கூடியவை. அவை ஜோகூர் நிலப்பகுதியின்மீது சுடவும் செய்தன. குறை வேறிடத்தில் இருந்தது. கையிருப்பில் பெரும்பான்மையானவை போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். அவை மண்ணில் ஆழப் புதைந்து வெடித்தமையால் காலாட்படைக்கு எதிராகப் போதிய பயன் தரவில்லை. ஒரே திசையில் அசையாது நிற்கும் மாதிரிப் பீரங்கியின் படம், விளக்கக் குறிப்பின்றி வெளியாகுமானால், அப்பழைய பிழையையே வலுப்படுத்தும். படத்தின் கீழ் "மாதிரி, 2002" என்னும் இரு சொற்கள் இடம்பெறுவது நுணுக்கமான ஒளியமைப்பினும் இன்றியமையாதது.

ஒளியும் புறக்கணிக்கத்தக்கதன்று. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் கதிரவன் ஆண்டு முழுதும் காலை ஏழு மணியளவில் எழுகிறான். நண்பகலில் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கிறான். உச்சி வெயிலில் காங்கிரீட் சுவர் வெறும் சாம்பல் பரப்பாகவே பதியும். காலையின் சாய்ந்த ஒளி சுவரை உரசிச் செல்லும்போதுதான், வார்ப்புப் பலகைகளின் மரவரிகளும் ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கிய இணைப்புக் கோடும் புலப்படும். பாசியைச் சுரண்டிவிட்டுப் படமெடுக்கும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. சுரண்டும் கருவி அவ்வரிகளையும் அழித்துவிடும். அளவுகோல், திசைக்குறி, நாள், நின்ற இடம் ஆகியவை ஒவ்வொரு படத்தோடும் பதிவாக வேண்டும். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கிய உடன் நிலவறைக்குள் நுழைந்தால் வில்லையில் நீர்த்திவலை படியும் என்பதையும் புதியோர் அறிந்திருத்தல் நலம். பழைய தளங்களை ஒட்டிய சில நிலங்கள் இன்றும் படைத்துறைப் பயன்பாட்டில் உள்ளன. அங்குப் படமெடுக்கத் தடையுண்டு.

அவ்வார்ப்பு வரிகள் மற்றொரு வினாவை எழுப்புகின்றன. பலகை அடித்தவர் யார், கலவை சுமந்தவர் யார் என்பதற்குச் சுவர் விடை கூறாது. வடக்கே செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளத்தை நோக்கின் இவ்விடைவெளி தெளிவாகும். 1938இல் திறக்கப்பட்ட அங்குள்ள உலர்துறை இன்றும் கப்பல் பழுதுபார்க்கும் பணியில் உள்ளது. அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை இல்லங்களும் நிலைத்து நின்று ஒளிப்படக் கலைஞரை ஈர்க்கின்றன. அத்தளத்தில் உழைத்த தமிழரும் மலையாளிகளும் வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளோ மறைந்துவிட்டன. எஞ்சியதை மட்டும் படமெடுத்தால் அதிகாரியின் தளம் கிடைக்கும்; தொழிலாளியின் தளம் கிடைக்காது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய வழியுண்டு. 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் நேர்காணல்களைத் திரட்டியுள்ளது. ஒரு சுவரின் படத்தோடு, அவ்விடத்தை நினைவுகூரும் ஒலிப்பதிவின் எண்ணும் நிமிடமும் இணைக்கப்படுமானால், ஆய்வாளர் இரண்டையும் ஒருசேர நோக்க இயலும். குடும்பங்களில் உள்ள பழைய படங்களுக்கும் இம்முறை பொருந்தும். நிழற்படத்தில் முன்நிற்கும் உறவினரை விடுத்துப் பின்புலத்தில் தெரியும் வாயில், நீர்த்தொட்டி, கூரை ஆகியவற்றைக் கொண்டு, மறைந்த குடியிருப்பின் இடத்தைப் பழைய நிலப்படத்தில் குறிக்கலாம். அதே இடத்தில் நின்று இன்று எடுக்கும் படத்தில் அடுக்குமாடி வீடுகளே தெரியக்கூடும். அப்படமும் வரிசையில் சேர்க்கப்பட வேண்டியதே.