குடலின் கடிகாரம்

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்துகள் நம் செஞ்சி வழியே விடிய விடிய ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோர் நள்ளிரவில் உண்ணும் உணவைக் குடல் எவ்வாறு ஏற்கிறது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

உடல்நலத்திற்கு இன்றியமையாத ஆறு காரணிகளை இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் வகுத்துரைக்கிறார். உறக்கமும் விழிப்பும் அவற்றுள் ஒன்று. கழிவு வெளியேறுதலும் தங்குதலும் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

வெளிச்சம் புகாத குகையில் வௌவால் அந்தியை எங்ஙனம் அறிகிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர்தம் மாணவர்களும் இதனை ஆராய்ந்தனர். குகைக்குள் அடைக்கப்பட்ட வௌவால், தன் கூட்டத்தின் போக்குவரத்தைக் கொண்டே தனது உயிர்க்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதை 1981இல் அவர்கள் வெளியிட்டனர். கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதற்கு நாள்தோறும் திருத்தம் வேண்டும்.

மனித மூளையிலுள்ள தலைமைக் கடிகாரத்தை ஒளி திருத்துகிறது. குடலின் கடிகாரத்தையோ பெரிதும் உணவு வேளைதான் திருத்துகிறது. இரவில் விழித்து உண்பவரிடம் இவ்விரண்டும் முரண்படுகின்றன. குடற்சுவரின் காப்பும், அங்குள்ள நுண்ணுயிர்களும், எதிர்ப்பாற்றல் உயிரணுக்களும் நாள்முழுதும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. அவற்றின் ஒழுங்கு குலையும்போது சுவரின் காப்புத் தளர்ந்து அழற்சிக்கு வழி பிறக்கலாம். ஒளி-இருள் நேரம் மாற்றப்பட்ட எலிகளிடம் குடல் அழற்சி கடுமையானதை ஆய்வுகள் கண்டுள்ளன.

மனிதரிடம் செய்தி சற்றுச் சிக்கலானது. அமெரிக்கச் செவிலியரிடையே நடந்த நெடுங்கால ஆய்வின் முடிவு 2014இல் வெளியாயிற்று. ஆறு மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கியோரிடமும், ஒன்பது மணி நேரத்திற்கு மேல் உறங்கியோரிடமும் பெருங்குடல் புண் அழற்சி கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் இரவுப்பணி செய்த ஆண்டுகளுக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. எனவே இரவுப்பணியையே குற்றவாளியாக்குவது அவசரத் தீர்ப்பு என்பது நம் கருத்து. மேலும், வயிற்றுவலியும் இரவில் எழ நேரும் கழிச்சலும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. கெட்ட உறக்கம் நோயைத் தூண்டுகிறது. எது முந்தியது என்று பிரித்தறிவது எளிதன்று.

ஒரு காலத்தில் மேலைநாட்டு நோயெனக் கருதப்பட்ட இது இன்று இந்தியாவிலும் பெருகிவருகிறது. அதன் மற்றொரு வகையான குரோன் நோயைக் குடற்காசநோயிலிருந்து பிரித்தறிய மருத்துவர்களே இடர்ப்படுவதுண்டு. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றெண்ணி நாட்டு மருந்துடன் காலங்கழிப்பது ஆபத்தானது. நன்றாக உறங்கினால் போதுமென மாத்திரையை நிறுத்துவதும் அவ்வாறே. இந்நோய்க்கு அளிக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொதுவாகக் காலையில் உட்கொள்ளச் சொல்வார்கள். உடலே சுரக்கும் கார்டிசால் உச்சத்தை எட்டும் வேளை அது. இரவில் விழுங்கினால் அம்மாத்திரையே உறக்கத்தைக் கெடுத்துவிடக்கூடும்.