நியோ4ஜே தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் கோப்புகள் பெருத்தல்

நியோ4ஜே என்பது கோட்டுருத் தரவுத்தள வகையைச் சேர்ந்த ஒரு மென்பொருள். இதன் 1.0 பதிப்பு 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. இது தகவல்களைக் கணுக்களாகவும், கணுக்களை இணைக்கும் உறவுகளாகவும் சேமிக்கிறது. இதைப் பயன்படுத்துவோர் சில சமயம், உள்ளே இருக்கும் தகவலைவிட இண்டெக்ஸ் கோப்புகள் வட்டில் அதிக இடம் பிடித்திருப்பதைக் காண்கிறார்கள். பெரும்பாலும் இது பழுது அன்று. ஆனால் காரணம் அறியாமல் கோப்புகளைக் கையால் அழித்துவிட்டால், அதுவே பெரிய பழுதாகிவிடும்.

இண்டெக்ஸ் செய்யும் வேலை

பாடநூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்றது இண்டெக்ஸ். "மாணவர்" என்ற லேபிள் கொண்ட 1 கோடி கணுக்களில் ஒரு பெயரைத் தேடும்போது எல்லாவற்றையும் புரட்டாமல், அகர வரிசையில் வைத்த பட்டியலைப் பார்த்து நேரே அந்தக் கணுவுக்குச் செல்ல இது உதவுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. தேடப்படும் பண்பின் மதிப்பு இண்டெக்ஸுக்குள் இன்னொரு முறை எழுதப்படுகிறது. ஆகவே இண்டெக்ஸ் என்பது தகவலின் இரண்டாம் பிரதி என்றே கொள்ளலாம்.

முதலில் அளந்து பார்த்தல்

எந்தக் கோப்பு பெருத்திருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். தரவுத்தளத்தின் கோப்புறைக்குள் "ஸ்கீமா" என்றும், அதனுள் "இண்டெக்ஸ்" என்றும் கோப்புறைகள் உள்ளன. அதில் ஒவ்வோர் இண்டெக்ஸ் வகைக்கும் ஒரு கோப்புறையும், ஒவ்வோர் இண்டெக்ஸுக்கும் எண் இட்ட ஓர் உட்கோப்புறையும் இருக்கும். "ஷோ இண்டெக்சஸ்" என்ற கட்டளை தரும் பட்டியலில் அதே எண் காணப்படும். இரண்டையும் ஒப்பிட்டால் எந்த இண்டெக்ஸ் எவ்வளவு இடம் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பலர் இண்டெக்ஸ் என்று நினைப்பது உண்மையில் பரிவர்த்தனைப் பதிவுக் கோப்புகளாக இருக்கும். இவை "டிரான்சாக்சன்ஸ்" என்ற தனிக் கோப்புறையில் உள்ளன. வழக்கமான அமைப்பில் ஒரு கோப்பின் அளவு 256 மெகாபைட். எழுதத் தொடங்கும் முன்பே அந்த இடம் ஒதுக்கப்படுவதும் உண்டு. பழைய பதிவுகளை எத்தனை நாள், எவ்வளவு அளவு வரை வைத்திருப்பது என்பதை அமைப்புக் கோப்பில் குறைத்துக்கொள்ளலாம்.

பெருப்பதற்கான காரணங்கள்

1. அழித்தாலும் கோப்பு சுருங்குவதில்லை. ரேஞ்ச் வகை இண்டெக்ஸ் என்பது சம அளவுள்ள பக்கங்களால் ஆன ஒரு மர அமைப்பு. கணுக்களை அழித்தால் பக்கங்கள் காலியாகும். காலியானவை தனிப் பட்டியலில் வைக்கப்பட்டு, பின்னர் புதிய பதிவுகளுக்குப் பயன்படும். கோப்பின் நீளமோ அப்படியே நிற்கும். நூலகத்தில் பழைய அட்டைகளை எடுத்துவிட்டாலும் அட்டைப் பெட்டியின் அளவு குறையாதது போல.

2. பக்கங்கள் முழுதும் நிரம்புவதில்லை. நிரம்பிய பக்கத்தில் புதிய பதிவு வந்தால் அது இரண்டாகப் பிரியும். வரிசையின்றி மதிப்புகள் வந்துகொண்டிருந்தால், இத்தகைய மரத்தின் பக்கங்கள் சராசரியாகச் சுமார் 69 சதவீதமே நிரம்பியிருக்கும் என்பது கணக்கு.

3. பண்பின் மதிப்பு நீளமாக இருத்தல். தமிழில் தகவல் வைப்போர் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் உயிர், மெய், உயிர்மெய்க் குறிகள் என ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். "தமிழ்நாடு" என்பதில் துணைக்கால், புள்ளி எல்லாம் சேர்த்து 9 குறியீடுகள். ஆக 27 பைட். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளி சேர்த்து 10 பைட். 1 கோடிக் கணுக்களில் இந்த ஒரு சொல்லே பண்பாக இருந்தால், மதிப்புக்கு மட்டும் 270 மெகாபைட் ஆகும். கணுவின் எண்ணும் பிற குறிப்புகளும் இதற்கு மேல்.

4. ஒரே பண்புக்குப் பல இண்டெக்ஸ்கள். ரேஞ்ச், டெக்ஸ்ட், முழு உரைத் தேடல் ஆகிய மூன்றையும் ஒரே பண்புக்கு உருவாக்கினால் மூன்றும் தனித்தனியே இடம் பிடிக்கும். 5ஆம் பதிப்பின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ், சொல்லை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டிச் சேமிப்பதால் நீண்ட உரைகளில் வேகமாகப் பெருக்கும்.

5. முழு உரைத் தேடலின் தன்மை. இது லூசீன் என்ற தேடல் நிரலகத்தால் இயங்குகிறது. லூசீனில் ஒரு பதிவை அழித்தால் "அழிந்தது" என்ற அடையாளம் மட்டுமே இடப்படும். பின்னர் சிறு பகுதிகள் ஒன்றாக இணைக்கப்படும்போதுதான் அது உண்மையில் நீங்கும்.

6. பதிப்பு மாற்றம். பழைய பீ-ட்ரீ வகை இண்டெக்ஸ் 5ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. மாறுவதற்கு வசதியாக 4.4 பதிப்பிலேயே புதிய வகைகளை உருவாக்கி வைக்கலாம். மாற்றம் முடியும் வரை பழையதும் புதியதும் சேர்ந்தே வட்டில் இருக்கும்.

சரிசெய்யும் முறை

முதலில் காப்பு நகல் எடுக்க வேண்டும். பிறகு தேவையற்ற இண்டெக்ஸ்களைக் கண்டறியலாம். 5ஆம் பதிப்பின் பிந்தைய வெளியீடுகளில், ஓர் இண்டெக்ஸ் எத்தனை முறை படிக்கப்பட்டது, கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்பவற்றையும் மேற்கண்ட பட்டியலில் கேட்டுப் பெறலாம். மாத இறுதியில் மட்டும் ஓடும் வினவல்களும் இருக்கலாம் என்பதால், போதிய நாள் பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது.

தேவையான இண்டெக்ஸ் காலிப் பக்கங்களால் பெருத்திருந்தால், "டிராப் இண்டெக்ஸ்" கட்டளையால் நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்குவதே வழி. புதிதாகக் கட்டப்படும்போது இருக்கும் மதிப்புகள் மட்டுமே வரிசையாக எழுதப்படுவதால் கோப்பு சிறிதாகும். கட்டி முடித்து, நிலை "ஆன்லைன்" என்று காட்டும் வரை அதை நம்பியிருந்த வினவல்கள் மெதுவாகவே ஓடும். ஆதலால் பயன்பாடு குறைந்த நேரத்தில் இதைச் செய்வது வழக்கம். கட்டும்போது தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் தேவை.

ஒருமைக் கட்டுப்பாட்டுக்கு ஆதாரமாக உள்ள இண்டெக்ஸை இவ்வாறு தனியே நீக்க முடியாது. கட்டுப்பாட்டையே நீக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரே சேர்க்கை எண்ணுடன் இரு மாணவர்கள் பதிவாகிவிட்டால், கட்டுப்பாட்டைத் திரும்ப உருவாக்க இயலாது. எனவே அந்நேரத்தில் புதிய பதிவுகளை நிறுத்தி வைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

* இண்டெக்ஸ் கோப்புகளைக் கோப்புறையில் புகுந்து கையால் அழிக்கக் கூடாது. லினக்ஸில், திறந்திருக்கும் கோப்பை அழித்தாலும் அதைத் திறந்துள்ள நிரல் மூடும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. இடமும் கிடைக்காமல் இண்டெக்ஸும் கெடும்.
* பரிவர்த்தனைப் பதிவுகளைக் கையால் அழிக்கக் கூடாது. திடீரென மின்சாரம் நின்றால் தரவுத்தளம் தன்னை மீட்டுக்கொள்வது அவற்றைக் கொண்டுதான். அவை இல்லாவிட்டால் தரவுத்தளம் திறக்க மறுக்கலாம்.
* அழித்த அளவுக்கே புதிய தகவல் விரைவில் சேரப் போகிறது என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. காலிப் பக்கங்கள் தாமே நிரம்பும். கோப்பு மேலும் வளராது.