காப்பியின் மேல் எழுதும் கோலம்

பிழைப்பை முன்னிட்டு மும்பைக்கோ தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ சென்று குடியேறிய நம்மவர் ஒருவர், மாலை வேளையில் அங்குள்ள புதுப் பாணிக் காப்பிக் கடை ஒன்றில் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகன்ற வாயுடைய பீங்கான் கோப்பையில் காப்பி வருகிறது. பழுப்பு நிறப் பரப்பின் நடுவே வெண்மையாக ஓர் இலை. நடு நரம்பும் கிளை நரம்புகளும் தெளிவாகத் தெரியும் இலை. அவர் சர்க்கரையை இட்டுக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றுகிறார். இலை மறைந்துவிடுகிறது. கொண்டுவந்து வைத்த இளைஞனின் முகம் சற்றே வாடுகிறது. வாடுவதற்குக் காரணம் உண்டு. அந்த இலை அச்சு வைத்துப் பதித்ததன்று, தூரிகையால் தீட்டியதுமன்று. பாலை ஊற்றும்போதே, ஊற்றுகிற கையின் அசைவினால் மட்டுமே உண்டானது.

காப்பியில் நுரையைப் போற்றுவது புதிய வழக்கமன்று. துருக்கியர் காப்பிக் கொட்டையை மாவுபோல் அரைத்து, நீண்ட கைப்பிடியுள்ள சிறு செம்புப் பாத்திரத்தில் நீருடன் மெல்லச் சூடாக்குவர். பொங்கி எழும் நேரத்தில் மேலே திரளும் நுரையைக் கோப்பைகளுக்குப் பகிர்ந்தளித்த பின்னரே எஞ்சிய காப்பியை ஊற்றுவர். நுரையில்லாத கோப்பையை விருந்தினர்முன் வைப்பது அவ்வீட்டுக்குக் குறை. துருக்கியக் காப்பி மரபை 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. காப்பிச் செடியின் பிறப்பிடமாகிய எத்தியோப்பியாவிலோ நுரைக்கு அத்தனை மதிப்பில்லை. அங்கே விருந்தினர் கண்முன்பே கொட்டையை வறுத்து, இடித்து, மண் குடுவையில் காய்ச்சி, மும்முறை பரிமாறுவதே சிறப்பு. பாலின்றி நடக்கும் அவ்வுபசாரம் நம் பேச்சுக்கு வெளியே நிற்பது.

பாலும் காப்பியும் சேர்ந்து ஓவியமாவதற்கு இத்தாலிய நாட்டின் யந்திரம் ஒன்று தோன்றவேண்டியிருந்தது. 1884இல் டூரின் நகரத்து அஞ்செலோ மோரியோந்தோ, நீராவியின் அழுத்தத்தைக் கொண்டு காப்பி இறக்கும் கருவியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். அவர் கருவி ஒரே சமயத்தில் பலருக்கான காப்பியை இறக்கியது. 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெஜெரா அதை ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே இறக்கும் வகையில் திருத்தியமைத்தார். ஆயினும் நீராவியின் அழுத்தம் ஒன்றரை அல்லது இரண்டு வளிமண்டல அளவைத் தாண்டவில்லை. காப்பியிலும் சற்றுத் தீய்ந்த வாடை இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மிலான் நகரத்துக் காப்பிக் கடைக்காரரான அகீலே காஜியா, வில்லும் நெம்புகோலும் பொருத்திய புது யந்திரத்தை 1948இல் வெளியிட்டார். அதில் வெந்நீர் எட்டு ஒன்பது வளிமண்டல அழுத்தத்துடன் காப்பித் தூளின் ஊடே புகுந்து வந்தது. அதுவரை எவரும் கண்டிராத ஒன்று கோப்பையின் மேல் படிந்தது: செம்பொன் நிறமான, தடித்த, மென்மையான நுரைப் படலம். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த கரியமில வாயு, அந்த அழுத்தத்தில் நீரில் கரைந்து, வெளிவந்ததும் எண்ணெய்த் துளிகளோடு கலந்த நுண்குமிழிகளாக விரிவதே அப்படலம். இத்தாலியர் அதைக் கிரேமா என்பர். பாலாடையைக் குறிக்கும் சொல்லே அது. முதலில் கண்டவர்கள் ஏதோ அழுக்கென்று ஐயுற்றனர் என்றும் ஒரு செய்தி உண்டு. நம் கதைக்கு இந்தக் கிரேமாவே அடித்தளம். ஓவியன் எழுதும் சுவர் என்று அதைச் சொல்லலாம்.

அந்த யந்திரத்திலேயே நீராவி வரும் ஒரு குழாயும் இருந்தது. அதைப் பாலில் நுழைத்துப் பொங்கச் செய்து காப்பியின் மேல் ஊற்றுவர். கப்புசினோ என்று பெயர். கப்புசின் துறவியர் அணியும் பழுப்பு அங்கியின் நிறமே அப்பெயருக்குக் காரணம். இத்தாலியர் இதைக் காலையில் மட்டுமே, பெரும்பாலும் கடை மேடையருகே நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்குச் செல்வர். உணவுக்குப் பிறகு கப்புசினோ கேட்பவனை வெளியூரான் என்று உடனே தெரிந்துகொள்வர். பகலுணவு முடிந்த கையோடு பாற்காப்பி கேட்கும் நம்மவர் அங்கே என்ன பெயர் வாங்குவாரோ!

நுரையில் உருவம் எழுதும் பழக்கம் இத்தாலியில் தொடங்கிற்றா, அமெரிக்காவில் தொடங்கிற்றா என்று வாதிடுவோர் இருக்கின்றனர். இத்தாலியில் லூயிஜி லூப்பி என்பவரும், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டேவிட் ஷோமர் என்பவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதில் முனைந்தனர் என்பதே பொருத்தமான முடிவு. ஷோமர் 1988இல் தம் காப்பிக் கடையைத் தொடங்கினார். 1989 அளவில் அவர் கோப்பைகளில் இதய வடிவம் நிலைபெற்றது. பின்னர் இத்தாலியக் கடை ஒன்றில் எடுத்த நிழற்படத்தில் இலை வடிவம் ஒன்றைக் கண்டு, அது எங்ஙனம் வந்திருக்கக்கூடும் என்று தாமே பழகிப் பழகி, 1992இல் அதைக் கைவரச் செய்துகொண்டார். கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்த அந்த உழைப்பு பாராட்டத்தக்கது. அவர் அத்துடன் நில்லாமல் பிறருக்கும் கற்பித்தார். கலை உலகெங்கும் பரவியது. இன்று இதற்கென்றே ஆண்டுதோறும் உலகப் போட்டி நடைபெறுகிறது.

இனி, அந்த இலை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். முதற்படி, பாலைப் பதப்படுத்துவது. குளிர்ந்த பாலை மூக்குள்ள எஃகுக் குவளையில் பாதியளவு எடுத்துக்கொண்டு, நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்பை ஒட்டி வைப்பர். காகிதத்தைக் கிழிப்பதுபோல் விட்டு விட்டு ஒலி வரவேண்டும். காற்று பாலுக்குள் புகுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். குவளை வெதுவெதுப்பாகும் வரைதான் இந்தக் காற்றூட்டல். அதன் பின் நுனியைச் சற்று ஆழ்த்தி, பால் சுழல் போலச் சுற்றும்படி குவளையைச் சாய்த்துப் பிடிப்பர். அச்சுழற்சியில் பெரிய குமிழிகள் உடைந்து, கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்குமிழிகளாகின்றன. வெப்பம் 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்திவிடவேண்டும். அனுபவசாலிகள் வெப்பமானியை நாடுவதில்லை. குவளையின் மீது வைத்த உள்ளங்கை சூடு தாங்காமல் விலகும் கணமே நிறுத்தும் கணம். சரியாகப் பதப்பட்ட பாலில் நுரை வேறு, பால் வேறு என்று இருக்காது. புதிதாகப் பூசிய வண்ணச் சுவர்போல் மேற்பரப்பு பளபளக்கும்.

இரண்டாம் படி, ஊற்றுதல். நான்கு விரற்கடை உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால், பால் விழும் வேகத்தில் கிரேமாவைத் துளைத்துக்கொண்டு அடியில் சென்றுவிடும். மேற்பரப்பு பழுப்பாகவே இருக்கும். கோப்பை பாதிக்கு மேல் நிறைந்ததும் குவளையின் மூக்கைக் காப்பியின் பரப்புக்கு வெகு அருகே தாழ்த்தவேண்டும். இப்பொழுது பாலுக்கு விழும் வேகம் இல்லை. எடை குறைந்த நுரை அமிழாமல் மேலேயே பரவி வெள்ளையாகத் தெரிகிறது. அந்நிலையில் மணிக்கட்டை இடமும் வலமும் அசைத்தால் வெள்ளை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். அசைத்தபடியே குவளையைப் பின்னுக்கு இழுத்து, முடிவில் சற்று உயர்த்தி, மெல்லிய தாரையால் நடுவே ஒரு கோடு இழுத்தால், அத்தாரை அலைகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு நடு நரம்பாகிறது. இலை முடிந்தது. இவ்வளவும் நிகழ்வது சில விநாடிகளில். சிந்திக்க நேரமில்லை, தயங்கினால் நுரையும் பாலும் குவளைக்குள்ளேயே பிரிந்துவிடும்.

நுரை ஏன் நிற்கிறது? பாலில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் இருக்கிறது. காற்றுக் குமிழியின் சுவரைப் போய்ப் பற்றிக்கொண்டு, அது உடையாதபடி காப்பது இப்புரதமே. கொழுப்பு சுவையையும் வழுவழுப்பையும் கொடுக்கிறது. ஆனால் பாதி உருகியும் பாதி உருகாமலும் உள்ள கொழுப்பு குமிழிச் சுவரைக் குலைக்கும். பாலைக் குளிர்ந்த நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். இன்னொரு பகையும் உண்டு. பழைய பாலில், அல்லது அதிகம் குலுங்கிய பாலில், கொழுப்பு சிதைந்து அமிலங்கள் பிரியும். அவை புரதத்தைத் தள்ளிவிட்டுக் குமிழியின் சுவரில் தாம் இடம்பிடிக்கும். பால் திரியாமலும் நாற்றமில்லாமலும் இருக்கும். ஆனால் நுரை சோப்புக் குமிழிபோல் சடசடவென்று அடங்கிவிடும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஊரிலிருந்து வந்த தூள், ஊரிலிருந்து வந்த பித்தளைப் பில்டர், டவராவும் டம்ளரும்கூட அங்கிருந்தே வந்தவை. இருந்தும் காப்பி ஊர்க் காப்பியாக இல்லை என்று வீட்டுப் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார். குறை பெரும்பாலும் பாலில் இருக்கும். வடமாநிலங்களில் எருமைப் பால் மிகுதி. அதன் கொழுப்பு பசும்பாலின் கொழுப்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கொழுப்பு மிகுந்த பாலில் டிகாக்ஷனின் மணம் அமுங்குகிறது. உறைப்பாலில் முழுக்கொழுப்புப் பால் என்பது 6 சதவீதக் கொழுப்புடையது. டோன்டு பால் என்பது 3 சதவீதம். ஊர்ப் பசும்பாலின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இரண்டையும் சமபங்காகக் கலந்து, முதற்பொங்கலிலேயே இறக்கி, அப்பொழுதே டிகாக்ஷனில் சேர்த்துப் பார்க்கலாம். மீண்டும் மீண்டும் காய்ச்சிய பாலில் ஆடை திரண்டு, காய்ந்த வாடையும் ஏறிவிடும்.

டவராவில் ஆற்றும்போது நாம் செய்வதும் பாலில் காற்றூட்டுவதே. ஒரு முழ உயரத்திலிருந்து தாரையாக விழும் காப்பி, காற்றைத் தன்னுடன் இழுத்துச் சென்று குமிழிகளாக்குகிறது. யந்திரம் நீராவியால் செய்வதை நாம் கையின் உயரத்தால் செய்கிறோம். கூடவே சூடும் குடிக்கும் பதத்துக்கு இறங்குகிறது. மலேயாவுக்குச் சென்ற தென்னிந்திய முஸ்லிம் தேநீர்க் கடைக்காரர்கள் இவ்வித்தையைத் தேநீருக்குப் பயன்படுத்தியதால் ‘இழுத்த தேநீர்’ என்ற பொருளுடைய பெயரால் அது இன்றும் அங்கே புகழுடன் வழங்குகிறது. அப்படியானால் நம் பில்டர் காப்பியின் மேல் ஏன் இலை வரவில்லை? காரணங்கள் இரண்டு. நம் டிகாக்ஷன் தானாகச் சொட்டி இறங்குவது. அழுத்தம் இல்லாததால் அதன் மேல் கிரேமா இல்லை. எழுதச் சுவர் இல்லை. மேலும், நாம் பாலையும் டிகாக்ஷனையும் கலந்த பிறகே நுரைக்கச் செய்கிறோம். நுரை முழுவதும் ஒரே நிறமாக இருக்கும்போது வெள்ளைக்கும் பழுப்புக்கும் வேறுபாடு ஏது?

பாலே கிடைக்காதபோது மனிதன் நுரைக்கு என்ன செய்தான் என்பதற்கு வியட்நாமில் ஒரு சான்று உள்ளது. 1946இல் பால் தட்டுப்பாடு மிகுந்திருந்த ஹனாய் நகரில், உணவுவிடுதிப் பணியாளர் ஒருவர் முட்டையின் மஞ்சட்கருவைச் சர்க்கரையுடன் அடித்துக் காப்பியின் மேல் மிதக்கவிட்டார். அம்முட்டைக் காப்பி இன்றும் அந்நகரத்தின் சிறப்பு. பஞ்சாபிலும் தில்லியிலும் உடனடிக் காப்பித் தூளையும் சர்க்கரையையும் சில சொட்டு நீரில் இட்டு, வெளுத்துத் தடிக்கும்வரை கரண்டியால் அடித்துப் பாலில் சேர்க்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அண்டை வீட்டில் அந்த டொக்டொக் ஒலியைக் கேட்டவர்கள் நம்மில் பலர். 2020இல் நோய்த்தொற்றுக்காக உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, இதே முறை கொரிய நாட்டுப் பெயர் ஒன்றுடன் உலகைச் சுற்றி வந்தது. அடித்தவர்கள் அனைவரும் அதைப் புதியதென்றே எண்ணினர்.

ஓவியம் இருந்தால் காப்பி சுவையாக இருக்குமா என்று கேட்டால், இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்றே சொல்வேன். தீய்ந்த கொட்டையின் மேலும் அன்னப்பறவை நீந்தும். ஆனால் ஒன்று சொல்லலாம். இலை தெளிவாக விழுந்திருந்தால், பால் புதியது, சூடு அளவு மீறவில்லை, கிரேமா உயிரோடு இருந்தது, ஊற்றியவன் கவனமாக இருந்தான் என்ற நான்கும் உறுதி. குச்சியால் கீறியும் சாக்லேட் குழம்பால் வரைந்தும் உருவம் அமைப்போர் உண்டு. ஜப்பானில் நுரையைக் குவித்துப் பூனையையும் கரடியையும் கோப்பைக்கு மேலே எழுப்பி உட்காரவைக்கின்றனர். அவை கண்ணுக்கு விருந்து. ஆனால் அதற்குள் காப்பி ஆறிப்போகும்.

பெங்களூரிலும் மும்பையிலும் இக்கடைகளின் யந்திரத்துக்குப் பின்னால் நிற்போருள் நம் ஊர்ப் பக்கத்து இளைஞர்களும் உண்டு. பயிற்சிக்குப் பாலைக் கொட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே குவளையில் நீரை எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரே ஒரு சொட்டு விட்டு, நீராவி பாய்ச்சி நுரை எழுப்பிப் பழகுகிறார்கள். அந்த நுரை பால் நுரையைப் போலவே சுழலும். வெறும் நீரை மேலிருந்தும் அருகிலிருந்தும் ஊற்றி மணிக்கட்டுக்கு அசைவைப் படிய வைக்கின்றனர். முதல் சில வாரங்களில் வருவது வெள்ளைத் திட்டு மட்டுமே. பின்னர் அது வெங்காயம்போல் ஆகும். ஒரு நாள் அதற்கு நடுவே கோடு நேராக விழும். அன்று வந்த கோப்பையைத்தான் நம் நண்பர் கரண்டியால் கலக்கியிருக்கக்கூடும். சர்க்கரை வேண்டுமானால், பால் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். காப்பியிலேயே கரைத்துக் கொடுப்பார்கள்.